பானு காட்டிய மேற்கு

இடது புருவம் முடிந்திருந்தது. வலது புருவத்தில் கை வைக்கவேண்டிய நேரத்தில், பல்லிடுக்கில் கடித்திருந்த நூலைப் பானுப்பிரியா எடுத்துவிட்டாள். சாய்வு நாற்காலியில் கிடந்த பெண்ணின் நெற்றியில் கொஞ்சம் பவுடரைத் தட்டி, "கண்ணத் தொறக்காத கா. அப்டியே படுத்துக்கினு இரு. தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடை வாசலுக்கு வந்தாள். வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகும் சாலையின் தூசியிலும் ஹாரன் சத்தத்திலும் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் பானு, எனக்கு ஒரு புருவம் பாக்கி இருக்கே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உன் புருவம் எங்கயும் ஓடாது கா. அது ஓடிடும்."

மின்கம்பிகளுக்கு நடுவே, தண்ணீர் லாரியின் தலைக்கு மேலே, வெள்ளையாக ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது. சிமிட்டவில்லை, சத்தமில்லை, அவசரமும் இல்லை. எதிர்ப்பக்க மருந்துக் கடையின் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது, யாரோ வாயால் ஊதியதுபோல மங்கி அணைந்தது. பானு உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நூலைக் கடித்தாள். வலது புருவம் இடது புருவத்துக்கு மயிரிழை பிசகாமல் அமைந்தது.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதிய அந்தச் சின்னக் கடையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு மின்விசிறி, கற்றாழைக் களிம்பு போட்ட பெரிய டப்பா. ஆட்களின் பெயர் அவளுக்கு நிற்காது; புருவம் நிற்கும். "வலப்பக்கம் வாலு கொஞ்சம் எறங்குனா மாரி இருக்குமே, அந்தக்கா ஊட்டுல விசேஷம்" என்றுதான் அண்ணியிடம் சேதி சொல்வாள். எப்போது கல்யாணம் என்று யாராவது கேட்டால் நூலைச் சற்று இறுக்கி ஒரு இழுப்பு இழுப்பாள். கேட்டவள் 'ஆ' என்று அலறும்போது, "வலிக்குதில்ல? எனக்கும் அத்தக் கேட்டா அப்டித்தான் இருக்கும்" என்பாள். யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்களுக்கு அவள் சொல்லும் கதை ஒன்றுதான். "மேல ஒரு ஊடு சுத்திக்கினு கீதுக்கா. சினிமா இல்ல, மெய்யாலுமே. ஆளுங்க உள்ளயே துண்ணு, உள்ளயே தூங்கி, சுவத்துல கட்டிக்கினு கெடக்குறாங்க. நம்ம ஒரு சினிமா பார்த்து முடிக்கிறதுக்குள்ள அவங்க உலகத்தையே ஒரு ரவுண்டு அடிச்சிடுவாங்க. ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியணும்னா நமக்கு இருட்டா இருக்கணும், அதுங்க மேல வெயிலு படணும். அதான் பொழுது சாஞ்ச கொஞ்ச நேரம், இல்லாட்டி விடியறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம்."

நான்கு வருடங்களுக்கு முன்னால், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது தற்செயலாகத்தான் அதைப் பார்த்தாள். விமானம் என்றால் சிவப்பும் பச்சையும் சிமிட்டும். நட்சத்திரம் என்றால் நகராது. இது இரண்டும் இல்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாள், பட்டம் என்றார். பால் போடுபவரைக் கேட்டாள்; டிரோன் என்றார். அண்ணியைக் கேட்டாள், முதலில் சாப்பிடு என்றாள். அது விண்வெளி நிலையம் என்று போனில் தேடிக் கடைசியில் தானே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எந்த நாள், எந்தத் திசையில் வரும் என்று போனுக்குச் சேதி வரும்படி செய்துகொண்டாள். சேதி ஆங்கிலத்தில் வரும். அதை அண்ணன் கஜபதி எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வார்.

கஜபதி மாநகரப் பேருந்து ஓட்டுநர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். வண்டியில் ஏறினால் மூன்று கண்ணாடிகளையும் மூன்று முறை துடைக்காமல் உட்கார மாட்டார். தங்கை வானத்தைப் பார்ப்பதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பெருமையாகப் பேசியதில்லை. டிப்போ டீக்கடையில் மட்டும் வாய் நிற்காது. "எங்க ஊட்டு பொண்ணு போலீஸ் ஸ்டேஷன பார்க்கல மாமே, வானத்துல போற ஸ்டேஷன பார்க்குது" என்று புதிதாக வரும் ஒவ்வொரு நடத்துநரிடமும் சொல்வார். பழைய நடத்துநர்கள் டீயை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள்.

பானுவுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. விநாயகர் சதுர்த்திக்குக் கடை எதிரே பந்தல் போட்டு, கண்ணைக் குத்தும் விளக்குகளை வானத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். பானு நேராகப் போய், "நைனா, அஞ்சு நிமிஷம் லைட்ட நிறுத்து. அஞ்சு நிமிஷம் இருட்டுல இருந்தா பிள்ளையாரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு" என்றாள். பந்தல்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் ஒயர் சொருகியிருந்த இடத்தில் போய் நின்றாள். விளக்கு அணைந்தது. அந்த வருடம் பிள்ளையாருக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆனால் சாலையிலிருந்து தெரிவது ஒரு வேட்டி அகல வானம்தான். நேர் தலைக்கு மேலே போகும் நாட்களில் மட்டும் கடை வாசல் போதும். சாய்வாகப் போகும் நாட்களில் மொட்டை மாடி வேண்டும். மொட்டை மாடி என்றால் சாவி வேண்டும். சாவி, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் சங்கச் செயலாளர் சம்பந்தத்தின் வீட்டு ஆணியில் தொங்கியது.

கஜபதி கடன் வாங்கி ஒரு வீடு வாங்கியிருந்த அந்த நான்கு மாடிக் கட்டடம் கடைக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் பாதி, கம்ப்யூட்டர் வேலைக்காகக் கோயம்புத்தூர், மதுரை என்று எல்லா ஊரிலிருந்தும் வந்தவர்கள் பாதி. கட்டியவர் தை மாதத்துக் காலை வேளையில்தான் எல்லோரையும் வேனில் ஏற்றிவந்து காட்டினார். சூரியன் ஏறக்குறைய வாசல் கேட்டுக்கு நேராக உதித்தது. கிழக்குப் பார்த்த வாசல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்கள். உள்ளே நுழைந்ததும் தரையில் பித்தளைத் தகடு ஒன்று பதித்திருக்கும். எட்டுத் திசையும் கூர்கூராக நீண்டு, கிழக்கு முனை வாசலைக் குத்தும். அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் எல்லா வீட்டிலும் சாமி மாடம் வைத்தார்கள், அடுப்பு வைத்தார்கள், கட்டிலின் தலைமாட்டைத் திருப்பினார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி தென்மேற்கான கன்னி மூலையில் ஏறியது. போனில் இருக்கும் திசைகாட்டி வேறு மாதிரி காட்டுகிறதே என்று யாரோ கேட்டதற்கு, "கம்பி போட்ட கட்டடத்துக்குள்ள அது ஒழுங்கா காட்டாது" என்று சம்பந்தம் சொல்லிவிட்டார். ஆவடியில் முப்பது வருடம் ராணுவ டாங்கி செய்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சம்பந்தம் கெட்டவர் அல்ல. லிஃப்ட் நின்றால் நடு ராத்திரியிலும் ஆள் பிடித்துவருவார். ஆனால் எதற்கும் ஒரு விதி சொல்வார். பானு சாவிக்கு வந்து நின்றால் அவர் விதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி சரசா ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டிவிடுவார். இப்படியே நான்கு வருடம் போனது.

மாசி மாதக் கடைசியில் பானுவுக்கு ஓர் ஆசை வந்தது. ஒற்றை ஆளாக எத்தனை நாள் பார்ப்பது? கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் கஜபதியை எழுதச் சொன்னாள்: ஞாயிறு பொழுது சாய்ந்ததும் மாடிக்கு வாருங்கள், விண்வெளி நிலையம் காட்டுகிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் முதலில் ஓடிவந்தார்கள். பின்னாலேயே பெரியவர்களும் நாற்காலி, முறுக்கு, காப்பி ஃபிளாஸ்க் சகிதம் வந்து சேர்ந்தார்கள். வடமேற்கில் தோன்றி, மேற்கு வழியாகச் சுற்றி, தெற்கில் மறையும் என்று போனில் வந்திருந்தது. பானு தகட்டை மனதில் வைத்து மாடியில் வாயு மூலையைக் கணக்குப் பண்ணினாள். எல்லோரையும் தண்ணீர்த் தொட்டிக்கு முதுகு காட்டி அந்த மூலையைப் பார்த்து நிற்கவைத்தாள்.

நின்றார்கள். கழுத்து வலித்தது. கொசு கடித்தது. நேரம் தாண்டியது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்தே பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"தோ! தோ வர்து பாரு!" என்று பானு கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கை ஓயுமுன் அந்த வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டி, இரைச்சலோடு தலைக்கு மேலே திரும்பியது.

"பானு, உன் ஸ்டேஷன் மீனம்பாக்கத்துல எறங்கப் போகுது போல!" என்று மூன்றாம் மாடிக்காரர் சொன்னார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. அதற்குப் பிறகு எந்த விமானம் போனாலும் பிள்ளைகள் பால்கனியிலிருந்து, "அக்கா, ஸ்டேஷன்!" என்று கூவினார்கள். கஜபதி அந்த வாரம் டிப்போ டீக்கடைப் பக்கம் போகவில்லை.

மறுநாள் குழுவில் வேறு பேச்சுக் கிளம்பியது. பரீட்சை நேரத்தில் கூத்து எதற்கு? மாடித் தரையில் நாற்காலி இழுத்த கோடு விழுந்திருக்கிறது. முறுக்குத் தூளுக்கு எறும்பு வந்திருக்கிறது. பேசாமல் மாடியைப் பூட்டியே வைத்துவிடலாம். பானு சம்பந்தத்தின் வாசலில் போய் நின்றாள்.

"சார், இன்னோரு தபா காட்றேன்."

"ஏம்மா, பட்டது போதாதா?"

"பட்டது நானு. நீங்க ஏன் சார் வருத்தப்படுறீங்க?"

சம்பந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரி. ஒரே ஒரு தடவை. அன்னைக்கும் வரலைன்னா மாடிக்குப் பூட்டுதான். அப்புறம் சாவின்னு இந்த வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன் சார். வந்துச்சின்னா?"

"வந்தா மாடி திறந்திருக்கும். யாரும் கேட்க மாட்டாங்க."

ஒப்புக்கொண்டு வந்துவிட்டாளே தவிர, ஏன் வரவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. நான்கு வருடமாக மாடியில் அவள் திசை பார்த்து நின்றதே கிடையாது. தொட்டி மேடையில் ஏறி நின்று நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். எங்கே வெளிச்சம் நகர்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வாள். ஊரைக் கூட்டி, ஒரு பக்கமாகப் பார்க்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விடை நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்தபடி வந்தது. தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்திருந்த சரசா, அது காயும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "பானு, அன்னைக்கு நீங்கள்லாம் மேல நின்னீங்கள்ல, அப்போ நான் மாடிக் கொடியில துணி எடுக்கத் தொட்டிக்குப் பின்பக்கம் போனேன். ஒரு வெளிச்சம் போச்சு. சத்தமே இல்லை, சிமிட்டவும் இல்லை. ஒழுங்கா, ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லாம, அது பாட்டுக்குப் போச்சு. நீ வேற பக்கம்ல சொன்னே, இது வேற என்னமோன்னு வாயை மூடிக்கிட்டேன்."

பானு நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தாள். "எந்தப் பக்கம்மா?"

"தொட்டிக்குப் பின்பக்கம்தான். தெற்கு."

மறுநாள் விடியும் நேரத்தில் அண்ணனும் தங்கையும் மாடிக்குப் போனார்கள். பங்குனி பிறந்திருந்தது. சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் நாட்கள் அவை. வாசல் கேட்டுக்கு மேலே பார்த்தபடி இருவரும் நின்றார்கள். சூரியன் அங்கே வரவில்லை. வெகு தூரம் இடதுபுறமாகத் தள்ளி, தகட்டின்படி வடகிழக்கான ஈசானிய மூலை என்று எல்லோரும் கும்பிடும் மூலையில், ஒரு செல்போன் கோபுரத்தின் இடுப்பிலிருந்து சிவப்பாக எழுந்தது.

கஜபதி கீழே கேட்டைப் பார்த்தார், மறுபடி கோபுரத்தைப் பார்த்தார். "தினிக்கும் வானகரத்துலேந்து அம்பத்தூருக்கு வண்டி ஓட்றேன். காலையில வெயிலு கரெக்டா வலப்பக்கம் அடிக்கும். ஊட்டாண்ட வந்தா மட்டும் ஏன் கோணையா அடிக்குதுன்னு ஒரு நாள்கூட ரோசிச்சதில்ல பாரு" என்றார்.

"பித்தளையில அடிச்சிட்டாங்கண்ணா. அதான் யாரும் ரோசிக்கல. நானுந்தான்."

"அப்ப நம்ம வாசலு?"

"தென்கெழக்கு."

"அக்னி மூலை!" என்றார் கஜபதி. கிழக்குப் பார்த்த வீடு என்று சொல்லித்தான் அவர் மாமனாரிடம் தலை நிமிர்ந்தார். இன்னும் பல வருடம் கட்டவேண்டிய கடன் அது. "எல்லாருக்கும் சொல்லிடுவியா?"

"சொல்லாம எப்டிண்ணா கையக் காட்றது?"

அவர் சூரியனைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாததால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லு" என்றார்.

சேதி எப்படியோ சம்பந்தத்தின் காதுக்குப் போய்விட்டது. அன்று மத்தியானம் பார்லர் வாசலுக்கு வந்தார். பெண்கள் கடை என்பதால் திரைக்கு வெளியே நின்றபடி பேசினார். பானு உள்ளே ஒரு கல்லூரிப் பெண்ணின் புருவத்தைச் செய்துகொண்டே பதில் சொன்னாள். நடுவில் திரை ஆடியது.

"பானு, கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. இரண்டாம் மாடியில ஸ்ரீராம் வீட்டை விக்கிறதா இருக்காரு. வாங்க வர்றவங்க வாசல் எந்தப் பக்கம்னுதான் முதல்ல கேட்பாங்க. அக்னி மூலை வாசல்னு தெரிஞ்சா யாரு உள்ளே காலை வைப்பா? இத்தனை குடும்பம் இங்க நிம்மதியா இருக்குல்ல?"

"நானுந்தான் சார் நிம்மதியா கீறேன். வாசலு எந்தப் பக்கம் பார்த்தா இன்னா? காத்து வர்து, தண்ணி வர்து."

"அது உனக்கு. நான் உன்னைக் காட்ட வேண்டாம்னு சொல்லலை. நல்லாக் காட்டு. அங்கே பாருங்க, வருதுன்னு சொல்லு. திசை பேரை மட்டும் சொல்லாதே. சாவியைக்கூட உன்கிட்டயே கொடுத்துடறேன். எப்ப வேணும்னாலும் மேல போ, வா. யாரையும் கேட்கவேண்டாம்."

நூல் ஒரு கணம் நின்றது. நான்கு வருடமாக அவள் கேட்டு நின்ற சாவி அது. கல்லூரிப் பெண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"போன தபா தெரியாம தப்பாச் சொன்னேன் சார். சிரிச்சாங்க, துடைச்சிக்கினு வந்துட்டேன். இப்ப தெரிஞ்சே சொல்லச் சொல்றீங்க."

"பொய் சொல்லச் சொல்லலையேம்மா. சும்மா இருன்னுதானே..."

"என்ன சும்மா இருக்க வெக்கிறதுக்கு எங்க அம்மாவாலயே முடியல சார். நீங்க கீழ பதிச்சி வெச்சிக்கிறத பார்த்துக்கினா அது மேல சுத்துது? அது வர்ற பக்கத்ததான் நான் காட்டுவேன். அந்தப் பக்கத்துக்கு இன்னா பேரோ அத்ததான் சொல்வேன்." பிறகு நாற்காலியைப் பார்த்து, "நீ கண்ண மூடுமா, கோணிக்கப் போவுது" என்றாள்.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் விலகிப் போனது.

அந்த ஞாயிறு, மாடிக்கு முன்பு வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதிலும் சிலர் சிரிப்பதற்கென்றே வந்திருந்தார்கள். இந்த முறை தென்மேற்கில் தோன்றி, உச்சி வரை ஏறி, வடகிழக்குக்குப் போகும் என்று குழுவில் வந்திருந்தது. ஆகவே எல்லோரும் நாற்காலிகளைக் கன்னி மூலைத் தொட்டியைப் பார்த்துப் போட்டு, அதற்கு மேலே கண்ணை வைத்துக் காத்திருந்தார்கள். பானு வந்தாள். ஒன்றும் பேசாமல், ஆளை எழுப்பாமல், ஒவ்வொரு நாற்காலியாக முதுகைப் பிடித்து இழுத்துத் துணிக்கொடிப் பக்கமாகத் திருப்பினாள். பிளாஸ்டிக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. கஜபதி மறுபுறத்திலிருந்து திருப்பிக்கொண்டு வந்தார்.

"அது தெற்கும்மா" என்றார் சம்பந்தம். கையில் பூட்டு இருந்தது.

"தெக்கு இல்ல சார். தென்மேக்கு." பானு எல்லோரையும் பார்த்து நிமிர்ந்தாள். "போன தபா தப்பு என்னுது. கீழ தகட்டுல இருக்கிறத நம்பி உங்கள வேற பக்கம் நிக்க வெச்சேன். அது வந்துச்சி, உங்க முதுகுக்குப் பின்னாடி போயிடுச்சி. தகடு தப்பு. நாளைக்குக் காலையில யாராச்சும் மேல வந்து சூரியன் எங்க வர்துன்னு பாருங்க, உங்களுக்கே தெரியும்."

ஸ்ரீராமின் மனைவி ஸ்வாதி எழுந்து நின்றாள். "அப்ப நம்ம வாசலு எந்தப் பக்கம் பார்க்குதுங்க்கா?"

சம்பந்தம் பானுவைப் பார்த்தார். ஸ்ரீராம் தரையைப் பார்த்தார். கஜபதி யாரையும் பார்க்காமல் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தென்கெழக்கு ஸ்வாதி. உங்க வாசலும், எங்க வாசலும், எல்லாருதும்."

சலசலப்பு எழுந்தது. 'இவளுக்கு வேற வேலையே இல்லையா' என்று ஒரு குரல் வந்தது. கட்டியவரைச் சும்மா விடக்கூடாது என்று ஒருவர் சொல்ல, சத்தமாகப் பேசாதீர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும் என்று இன்னொருவர் அடக்கினார். இரண்டு பேர் நாற்காலியை மடக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தார்கள்.

"வந்துடுச்சி" என்றாள் பானு. இந்த முறை கத்தவில்லை.

பூந்தமல்லிப் பக்கத்து அடுக்குமாடிகளின் சிவப்பு விளக்குகளுக்கு மேலே, சாம்பல் நிற வானத்தில், அது ஒரு பொட்டாகக் கிளம்பியது. ஏற ஏறப் பெரிதானது. நகரத்தின் புகையும் தெருவிளக்கின் மஞ்சளும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வானத்தில் நட்சத்திரம் என்று எண்ணினால் ஒரு கை விரலுக்குள் அடங்கும்; அத்தனையையும் மங்கவைத்துக்கொண்டு, யாரோ நிதானமாக இழுத்துச் செல்லும் விளக்குப் போல அது தலைக்கு மேல் வந்தது. படியில் கால் வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிள்ளைகளில் ஒருத்தி மட்டும், "அக்கா, அவங்களுக்கு நம்ம மாடி தெரியுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியாது கண்ணு. தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. நமக்குத் தெரியுதில்ல."

உச்சியைத் தாண்டியதும் அது செம்பு நிறமானது. பிறகு பூமியின் நிழலுக்குள் நுழைந்து, ஒரு மூச்சு நேரத்துக்குள் இல்லாமல் போனது. அது போன பிறகும் யாரும் தலையை இறக்கவில்லை. கஜபதி மட்டும் வானத்தைப் பார்க்காமல் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடி துடைத்தபின் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

சம்பந்தம்தான் முதலில் பேசினார். "சரி, பார்த்தாச்சு. எல்லாரும் இறங்குங்க, மாடியைப் பூட்டணும்."

"வந்தா தொறந்திருக்கும்னு சொன்னீங்களே சார்" என்றாள் பானு.

"சொன்னேன்மா. அது அப்போ. இப்போ நீ கிளப்பிவிட்டதுக்கு நாளைக்கே கமிட்டி கூடியாகணும். கமிட்டி முடிவு பண்ற வரைக்கும் மாடி கிடையாது. யாருக்கும் கிடையாது."

கூட்டம் தயங்கியது. மூன்றாம் மாடிக்காரர், "வந்துடுச்சே சார், அப்புறம் என்ன?" என்றார். ஸ்ரீராம் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது.

பானு செருப்பைக் கழற்றினாள். பகல் முழுதும் வெயில் குடித்த தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மாடியின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். பிறகு துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"பானு, என்னம்மா இது? எழுந்திரு."

"நாளைக்கும் சாயங்காலம் வர்து சார். நான் இங்கயே கீறேன். நீங்க பூட்டிக்கினு போங்க."

"உள்ளே ஆளை வச்சுப் பூட்ட முடியுமா?"

"அத்த நீங்க கமிட்டியாண்ட கேளுங்க."

கஜபதி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்தார். காலையில் அவருக்கு முதல் ஷிஃப்ட். ஸ்வாதி கணவனைப் பார்க்காமல், மடக்கிய நாற்காலியை மறுபடி விரித்தாள். சம்பந்தம் படிக்கட்டு அறையின் நிலையில் சாய்ந்து, பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவருக்குப் பின்னால், இவ்வளவு நேரமும் மேல்படியிலேயே நின்று அண்ணாந்திருந்த சரசா, கணவரின் தோளை லேசாக ஒதுக்கிவிட்டு மாடிக்குள் காலை எடுத்து வைத்தார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

பானு கண்ணை வானத்திலிருந்து எடுக்காமலே சற்று நகர்ந்து படுத்து, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் தட்டினாள்.